மின்னஞ்சலில் மின்னும் பொய்கள்: அசையும் படங்களைக் கொண்டு வியாபாரம் செய்வோருக்குச் சில வார்த்தைகள்

 

சென்ற மாதம் ஒரு நாள் அஸர் தொழுகைக்குப் பின், பல ஆண்டுகளுக்கு முன் நம்மிடம் ஓதிய மாணவர் ஒருவர் நம்மைத் தேடி வந்தார். கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகத்தை அடுத்து அவருக்கு ஒரு சிறு பட்டறை இருக்கிறது. குழாய்கள் ஒன்றோடொன்று இணையும் இடத்தில் கசிவு ஏற்படாமல் வைக்கப்படும் ரப்பர் கேஸ்கெட்டுகளும் ஓ-ரிங்குகளும் அங்கே தயாராகின்றன. ஆறு பேர் வேலை செய்கிறார்கள். அந்த ஆறு வீடுகளின் அடுப்பும் அந்தப் பட்டறையை நம்பித்தான் எரிகிறது.

கும்மிடிப்பூண்டி, தேர்வாய் கண்டிகை, காக்களூர் ஆகிய இடங்களில் உள்ள தொழிற்சாலைகளுக்கு அவர் ஒரு விளம்பர மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறார். யாரோ ஓர் இளைஞர் செய்து கொடுத்த அசையும் படம் அதில் இருந்தது. ஜிஃப் என்று சொல்கிறார்களே, அந்த வகைப் படம். வெள்ளைத் திரையில் சிவப்பு எழுத்துகள் பளிச்சிட்டு மறையும். "சலுகை முடிய இன்னும் 2 மணி நேரமே" என்று ஒரு கடிகாரம் ஓடும். முடிவில் நிறுவனத்தின் பெயர் சுழன்று வந்து நிற்கும். பிறகு எல்லாம் முதலிலிருந்து தொடங்கும், ஓயவே ஓயாது.

இரண்டே இரண்டு பதில்கள் வந்தன. முதல் பதில்: "உங்கள் மின்னஞ்சலில் ஒரு வெள்ளைக் கட்டம் மட்டுமே தெரிகிறது. என்ன அனுப்பியிருக்கிறீர்கள்?" இரண்டாவது பதில் அதைவிடக் கடுமையானது: "போன வாரம் திறந்தபோதும் 2 மணி நேரம் என்றது. இன்று திறந்தாலும் 2 மணி நேரம் என்கிறது. உங்கள் கடிகாரமே சரியாக இல்லாதபோது, உங்கள் கேஸ்கெட்டின் தடிமன் சரியாக இருக்கும் என்று நாங்கள் எப்படி நம்புவது?"

"எல்லாரும் இப்படித்தான் அனுப்புகிறார்கள் ஹஜ்ரத், நான் மட்டும் என்ன தப்பு செய்துவிட்டேன்?" என்று அவர் கேட்டார். அந்தக் கேள்விக்கு அவருக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு நாம் ஓய்ந்துவிட முடியாது. திருவள்ளூர் மாவட்டத்தில் நம் பிள்ளைகள் பலர் இன்று சிறுதொழில் நடத்துகிறார்கள். பலர் நிறுவனங்களின் விற்பனைப் பிரிவில் வேலை பார்க்கிறார்கள். வீட்டிலிருந்தபடியே புர்காவும் அத்தரும் விற்கும் சகோதரிகளும் இருக்கிறார்கள். நம் மதரஸாக்களும் ஜமாஅத்துகளும்கூட மின்னஞ்சல் அனுப்புகின்றன. ஆகவே இதை எல்லோருக்குமாகப் பேசிவிடுவோம்.

இது ஆலிம் பேச வேண்டிய விஷயமா?

"விளம்பரப் படத்தைப் பற்றிப் பேச ஒரு மதரஸா ஆசிரியருக்கு என்ன இருக்கிறது?" என்று சிலர் கேட்பார்கள். வேறு சிலர், "படமே கூடாது, அதில் அசையும் படத்தை நல்லபடி பயன்படுத்துவது எப்படி என்று வேறு சொல்லித்தர வேண்டுமா?" என்பார்கள்.

இரண்டாமவருக்கு முதலில் பதில் சொல்வோம். உயிருள்ளவற்றின் உருவங்களைப் பற்றி மார்க்க அறிஞர்களிடையே உள்ள விவாதத்தை நாம் அறிவோம். அதில் பேணுதலாக நடப்போரை மதிக்கிறோம். ஆனால் கேஸ்கெட்டுக்கும் பல்சக்கரத்துக்கும் அட்டைப்பெட்டிக்கும் உயிர் இல்லை. அவற்றின் படத்தைத் தடுக்கும் கருத்து எதுவும் நாம் அறிந்தவரை இல்லை. நம் ஆட்சேபம் படத்தின் மீது அல்ல. படத்தைக் கொண்டு சொல்லப்படும் பொய்யின் மீது.

முதலாமவருக்கு நாம் சொல்வது: ஃபிக்ஹு நூல்களைத் திறந்து பாருங்கள். தொழுகை, நோன்பின் பாடங்களுக்குப் பிறகு கொடுக்கல் வாங்கலின் பாடம் எவ்வளவு பெரியது என்று தெரியும். நபி (ஸல்) அவர்கள் மதீனாவின் கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்த நிகழ்ச்சியை நாம் எல்லோரும் குத்பாக்களில் கேட்டிருக்கிறோம். மேலே காய்ந்த தானியம், உள்ளே ஈரம். மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. அப்படியானால் நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்க வேண்டாமா என்று நபியவர்கள் கேட்டார்கள். ஏமாற்றுபவர் நம்மைச் சார்ந்தவர் அல்லர் என்று எச்சரித்தார்கள். இன்றைய மின்னஞ்சலும் ஒரு தானியக் குவியல்தான். அதன் மேல்பகுதியில் மின்னிக்கொண்டிருக்கும் படத்துக்குக் கீழே என்ன இருக்கிறது என்று கேட்பது ஆலிமின் வேலை இல்லையென்றால், வேறு யாருடைய வேலை?

வெள்ளைக் கட்டம் ஏன் வந்தது?

அந்த மாணவருக்கு நேர்ந்த முதல் கோளாறு அறியாமையால் வந்தது. அதை முதலில் பார்ப்போம். கருவியை அறியாமல் அதைக் கையில் எடுப்பவன் பிறருக்குச் சுமையாகிறான்.

ஜிஃப் என்பது 1987இல் அமெரிக்காவின் கம்ப்யூசெர்வ் நிறுவனத்தில் ஸ்டீவ் வில்ஹைட் என்பவரின் தலைமையில் உருவாக்கப்பட்ட பட வடிவம். வேகம் மிகக் குறைந்த தொலைபேசி இணைப்புகள் வழியே வண்ணப் படங்களை அனுப்புவதற்காகச் செய்தார்கள். ஒரு படத்தில், அசையும் படமாயின் ஒவ்வொரு சட்டகத்திலும், அதிகபட்சம் 256 வண்ணங்களே இருக்கும். 1989இல் வந்த திருத்திய வடிவத்தில், அடுத்தடுத்த சட்டகங்கள் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்று குறிப்பிடும் வசதி வந்தது. 1995இல் நெட்ஸ்கேப் உலாவி, அந்தச் சட்டகங்களை மீண்டும் மீண்டும் ஓடச் செய்யும் வழியைச் சேர்த்தது. எத்தனை முறை ஓட வேண்டும் என்று எண் குறிக்கலாம். சுழியம் என்று குறித்தால் முடிவே இல்லாமல் ஓடும். ஆகவே ஓயாமல் ஓடுவது ஜிஃபின் இயல்பு அல்ல. அதைச் செய்தவர் தேர்ந்தெடுத்தது. நிறுத்தத் தெரியாமல் அல்ல, நிறுத்த மனமில்லாமல் ஓடவிட்டிருக்கிறோம்.

வெள்ளைக் கட்டத்துக்கு வருவோம். அலுவலகங்களில் மேசைக் கணினியில் பயன்படும் அவுட்லுக்கின் 2007, 2010, 2013 பதிப்புகள் அசையும் படத்தை அசைத்துக் காட்டுவதில்லை. முதல் சட்டகத்தை மட்டும் காட்டிவிட்டு நின்றுவிடும். புதிய கணினிகள் வந்த பிறகும் பழையவற்றைத் தூக்கி எறியாத தொழிற்சாலை அலுவலகங்கள் நம் பகுதியில் ஏராளம். நம் மாணவரின் படத்தில் முதல் சட்டகம் வெறும் வெள்ளை. எழுத்துகள் அதன் பிறகுதான் வரும். கொள்முதல் அதிகாரிக்கு அந்த வெள்ளையே முழுச் செய்தியாகிவிட்டது.

இதற்கு மருந்து எளிது. சொல்ல வேண்டிய மிக முக்கியமான செய்தி முதல் சட்டகத்திலேயே இருக்க வேண்டும். அசைவு நின்றாலும் செய்தி நிற்கக் கூடாது. மேலும், விலை, அளவு, தொலைபேசி எண் ஆகியவற்றைப் படத்துக்குள் அடைக்காமல் சாதாரண எழுத்தாக எழுத வேண்டும். படங்களைத் தானாகத் திறக்காதபடி அமைத்து வைத்திருக்கும் அலுவலகங்கள் உண்டு. அவற்றில் படத்துக்குள் இருப்பது எதுவுமே தெரியாது.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். நமக்குத் தெரிந்த ஹாஃபிழ் ஒருவர் கண்பார்வை இல்லாதவர். கைப்பேசி வாசித்துக் காட்டுவதைக் கேட்டே கடிதங்களுக்குப் பதில் எழுதுகிறார். படத்துக்குள் எழுதப்பட்டதை அந்த வாசிப்புக் கருவி "படம்" என்று மட்டும் சொல்லிக் கடந்து போகிறது. படத்துக்கு மாற்றாக ஒரு வரி விளக்கம் எழுதும் இடத்தை மின்னஞ்சல் அமைப்புகள் தந்திருக்கின்றன. நாம்தான் அதைக் காலியாக விடுகிறோம். பெருநாள் அழைப்பை ஆடம்பரமாக மினுக்கி அனுப்பிவிட்டு, அந்த ஹாஃபிழுக்கு வெறும் "படம்" என்ற ஒரு சொல்லைக் கொடுப்பது என்ன நாகரிகம்?

அசைவுக்கு ஒரு நியாயம் வேண்டும்

"கவனத்தை ஈர்க்காவிட்டால் வியாபாரம் எப்படி நடக்கும்?" என்பார்கள். நியாயமான கேள்வி. அசையும் படத்தால் பயனே இல்லை என்று நாம் சொல்லவில்லை. நன்றாகப் பயன்பட்ட ஓர் உதாரணத்தையே காட்டுகிறோம்.

டெல் நிறுவனத்தை நம் பகுதியில் அறியாதவர் இல்லை. அதன் தொழிற்சாலை பக்கத்தில் ஸ்ரீபெரும்புதூரில் இருக்கிறது. அந்த நிறுவனம் சில ஆண்டுகளுக்கு முன் எக்ஸ்பிஎஸ் 12 என்ற மடிக்கணினியை வெளியிட்டது. அதன் திரை தன் சட்டத்துக்குள்ளேயே திரும்பிக்கொள்ளும். திருப்பி மூடினால் மடிக்கணினி பலகைக் கணினி ஆகிவிடும். இதை எழுத்தில் விளக்கினால் யாருக்கும் சட்டென்று புரியாது. ஆகவே திரை திரும்புவதை மட்டும் ஓர் அசையும் படமாக்கி மின்னஞ்சலில் வைத்தார்கள். அவர்களுடைய வழக்கமான மின்னஞ்சல்களோடு ஒப்பிடும்போது சொடுக்கியவர் விகிதம் 42 சதவீதமும், அந்த மின்னஞ்சல் வழி வந்த வருவாய் 109 சதவீதமும் உயர்ந்ததாக வெளியான செய்தியை விற்பனைத் துறையினர் இன்றும் மேற்கோள் காட்டுகிறார்கள்.

அந்த எண்களைத்தான் எல்லோரும் பிடித்துக்கொள்கிறார்கள். "பார், ஜிஃப் வைத்தால் வருமானம் இரட்டிப்பு" என்று நம் இளைஞர்களிடம் விற்கிறார்கள். அது பிழையான பாடம். ஒரு பொருளின் ஒரு மின்னஞ்சலுக்குக் கிடைத்த பலன், எல்லாப் பொருளுக்கும் கிடைத்துவிடாது. அங்கே திரையின் அசைவுதான் பொருளின் சிறப்பு. அதைக் காட்டாமல் பொருளைப் புரியவைக்க முடியாது. அசைவே செய்தியாக இருந்தது. நம் மாணவரின் மின்னஞ்சலில் அசைந்தது எது? சிவப்பு எழுத்து அசைந்தது, நிறுவனத்தின் பெயர் சுழன்றது. கேஸ்கெட் அசையவே இல்லை!

நாம் அவரிடம் கேட்டோம்: "உன் பொருளில் அசைந்து காட்ட வேண்டியது ஏதாவது இருக்கிறதா?" சற்று யோசித்துவிட்டுச் சொன்னார்: "இருக்கிறது ஹஜ்ரத். போல்ட்டை இறுக்கும்போது ரப்பர் எப்படி நசுங்கி, இரும்பின் மேடுபள்ளத்தை நிரப்புகிறது என்பதைக் காட்டலாம். தடிமன் தவறாக இருந்தால் எந்த இடத்தில் கசியும் என்பதையும் காட்டலாம்." அதைக் காட்டத் தெரிந்தவருக்குப் பளிச்சிடும் எழுத்து எதற்கு? தன் தொழிலை இவ்வளவு நன்றாக அறிந்த ஒருவரை, தொழிலே தெரியாத ஒருவரின் மினுமினுப்புக்குப் பின்னால் ஒளித்து வைத்துவிட்டார்கள்.

கடிகாரப் பொய்

இனி இரண்டாவது கோளாறுக்கு வருவோம். இது அறியாமை அல்ல, குற்றம்.

இல்லாத அவசரத்தை உண்டாக்கி வாங்குபவரை விரட்டுவது புதிய கலை அல்ல. வாங்கும் எண்ணமே இல்லாத ஒருவர், பிறரை ஏமாற்றி விலையை ஏற்றிவிடுவதற்காக ஏலத்தில் குரல் கொடுப்பதற்கு நஜ்ஷ் என்று பெயர். நபி (ஸல்) அவர்கள் அதைத் தடுத்தார்கள். பால் கறக்காமல் விட்டு மடியை வீங்கச் செய்து, நிறையப் பால் தரும் ஆடு என்று காட்டி விற்பதையும் தடுத்தார்கள். அப்படி ஏமாந்து வாங்கியவர், கறந்த பாலுக்கு ஈடாக ஒரு ஸாஉ பேரீச்சம்பழத்துடன் ஆட்டைத் திருப்பித் தரலாம் என்று வாங்கியவருக்கு உரிமை தந்தார்கள். இவ்விரண்டிலும் விற்பவர் வாயால் ஒரு பொய்யும் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். காட்சியைத்தான் பொய்யாக்கினார். "நான் பொய் சொல்லவில்லையே, படம்தானே போட்டேன்" என்று தப்பிக்க நினைப்பவர்களுக்கு அந்த ஆட்டின் மடியே பதில். 2 மணி நேரத்தில் முடியாத சலுகைக்கு 2 மணி நேரக் கடிகாரம் ஓட்டுவது, கறக்காமல் விட்ட மடி.

நாட்டின் சட்டமும் இதே இடத்துக்கு வந்துவிட்டது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், வாங்குபவரை ஏய்க்கும் 13 வகைத் தந்திரங்களைப் பட்டியலிட்டுத் தடுக்கின்றன. அவற்றுள் முதலாவது, பொய்யான அவசரம்! இருப்பு குறைவு என்றும் நேரம் முடியப்போகிறது என்றும் பொய்யாகக் காட்டி உடனே வாங்கத் தூண்டுவது அது. "அந்தச் சட்டம் நுகர்வோருக்குத்தானே, தொழிற்சாலைக்குத் தொழிற்சாலை விற்பதில் அது வராதே" என்று கணக்குப் பார்க்கும் கெட்டிக்காரர்களும் உண்டு. சட்டத்தின் வேலி முடியும் இடத்தில் ஹலாலின் வேலி முடிந்துவிடுவதில்லை.

"நாங்கள் உண்மையான கடிகாரம்தான் வைக்கிறோம், திறக்கும் நேரத்தைக் கணக்கிட்டு மீதி நேரத்தைக் காட்டும்" என்று சொல்வோரும் இருக்கிறார்கள். அவர்களுடைய நோக்கம் நல்லதே. ஆனால் ஜிமெயில் 2013 டிசம்பர் முதல் படங்களைத் தன் சொந்தக் கணினிகள் வழியாகவே எடுத்துத் தருகிறது. ஆப்பிள் 2021இல் கொண்டுவந்த தனியுரிமைப் பாதுகாப்பு, வாசகர் திறக்கும் முன்பே படங்களை இறக்கிவைத்துவிடலாம். முன்பே சேமிக்கப்பட்ட படம் பழைய நேரத்தைக் காட்டக்கூடும். உண்மை சொல்ல நினைப்பவரையும் கருவி பொய்யராக்கிவிடும். "சலுகை இம்மாதம் 30ஆம் தேதி மாலை 6 மணி வரை" என்று எழுத்தில் எழுதுவதற்கு என்ன கேடு? அது எந்தக் கணினியிலும் மாறாது.

பழவேற்காட்டுக்குச் செல்பவர்கள் அங்குள்ள சின்னப் பள்ளிவாசலின் பழைய சூரியக் கடிகாரத்தைப் பார்க்காமல் வருவதில்லை. டச்சுக்காரர்கள் 1613இல் கெல்ட்ரியா கோட்டை கட்டிய துறைமுகம் அது. சோழமண்டலத் துணிகள் கப்பலேறிய ஊர். முஸ்லிம் வணிகர்கள் வாழ்ந்த ஊர். தொழுகை நேரம் அறிய வைக்கப்பட்ட அந்தக் கடிகாரத்தை யாரும் பின்னுக்குத் தள்ள முடியாது. நேரத்தை அமானத்தாகப் பார்த்த ஒரு சமுதாயத்தின் பிள்ளைகள், திறக்கும்போதெல்லாம் 2 மணி நேரத்துக்குத் திரும்பிவிடும் கடிகாரத்தை வைத்துப் பிழைப்பதா?

பளிச்சிடுவது விளையாட்டல்ல

1997 டிசம்பர் 16 அன்று ஜப்பானில் போக்கிமான் என்ற குழந்தைகள் தொடரின் ஒரு பகுதி ஒளிபரப்பானது. அதில் சிவப்பும் நீலமும் மிக வேகமாக மாறி மாறி மின்னிய சில நொடிகளைப் பார்த்து, 600க்கும் மேற்பட்டவர்கள், பெரும்பாலும் சிறுவர்கள், மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். 2016 டிசம்பரில் அமெரிக்காவில் வலிப்பு நோயுள்ள கர்ட் ஐக்கன்வால்டு என்ற பத்திரிகையாளருக்கு ஒருவன் வேண்டுமென்றே பளிச்சிடும் ஜிஃப் ஒன்றைச் சமூக ஊடகத்தில் அனுப்பினான். அதைப் பார்த்த அவருக்கு வலிப்பு வந்தது. அனுப்பியவன் கைது செய்யப்பட்டான். ஒரு சிறு படம் ஆயுதமாகக் கருதப்பட்டது.

இணையத் தர அமைப்பின் அணுகல் நெறிகள் இரண்டு எல்லைகளைச் சொல்கின்றன. ஒரு நொடிக்குள் 3 முறைக்கு மேல் எதுவும் பளிச்சிடக் கூடாது. மற்ற செய்திகளோடு சேர்ந்து தானாக அசையும் ஒன்று 5 நொடிக்கு மேல் நீடித்தால், அதை நிறுத்தும் வழி பார்ப்பவர் கையில் இருக்க வேண்டும். மின்னஞ்சலில் வரும் ஜிஃப்பை நிறுத்த வாசகரிடம் பொத்தான் கிடையாது. ஆகவே 5 நொடிக்குள் அது தானே ஓய்ந்துவிட வேண்டும் என்பதே நேர்மையான முடிவு.

யாருடைய வீட்டில் வலிப்பு நோயுள்ள குழந்தை இருக்கிறது என்று நமக்குத் தெரியுமா? தாயின் கைப்பேசியில் அத்தர் விளம்பரம் திறக்கும்போது, மடியில் அந்தக் குழந்தை இருக்கலாம். பிறருக்குத் தீங்கு செய்யாதிருத்தல் என்பது நம் மார்க்கச் சட்டத்தின் பெரும் விதிகளில் ஒன்று. அது விளம்பரத்துக்கு மட்டும் விதிவிலக்குத் தரவில்லை.

கதவைத் தட்டும் ஒழுக்கம்

அபூ மூஸா அல்அஷ்அரீ (ரலி) அவர்கள் உமர் (ரலி) அவர்களின் வாசலில் மூன்று முறை அனுமதி கேட்டார்கள். பதில் வரவில்லை. திரும்பிவிட்டார்கள். ஏன் போய்விட்டீர் என்று பிறகு கலீஃபா கேட்டபோது, மூன்று முறை கேட்டும் அனுமதி கிடைக்காவிட்டால் திரும்பிவிட வேண்டும் என்பது நபியவர்கள் கற்றுத்தந்த முறை என்றார்கள். உமர் (ரலி) அதற்குச் சாட்சி கேட்டார்கள்; அபூ ஸயீத் அல்குத்ரீ (ரலி) வந்து சாட்சி சொன்னார்கள்.

நாட்டை ஆண்ட கலீஃபாவின் வாசலில்கூட மூன்றோடு நின்றார்கள். நாம் என்ன செய்கிறோம்? எங்கோ விலைக்கு வாங்கிய முகவரிப் பட்டியலுக்கு, கேட்காதவர்களுக்கெல்லாம், வாரம் இரண்டு முறை, ஆண்டு முழுதும் அனுப்புகிறோம். அவர் திறக்கவில்லை என்றால் இன்னும் பெரிய படம், இன்னும் வேகமான மினுக்கல். கதவு திறக்காதவரின் ஜன்னல் வழியே கை நீட்டுவதற்கு ஒப்பானது இது. முடிவில் அவர் ஸ்பேம் என்று ஒரு குறி போட்டுவிடுகிறார். அப்படிக் குறிகள் பெருகினால், நாளை நாம் அனுப்பும் நேர்மையான விலைப்பட்டியலும் மற்றவர்களின் குப்பைப் பெட்டிக்கே போகும். ஒழுக்கக் கேடு இங்கே வியாபாரக் கேடாகவும் ஆகிவிடுகிறது.

நம் வீட்டிலும் இதே தவறு

பிறரைச் சொல்லும் முன் நம்மைச் சொல்லிவிட வேண்டும். இரண்டு ரமளான்களுக்கு முன் நம் மதரஸாவுக்காக வெளிநாட்டில் உள்ள நன்கொடையாளர்களுக்கு ஒரு மின்னஞ்சல் போனது. ஒரு குழந்தையின் தட்டில் சோறு குறைந்துகொண்டே வந்து காலியாகும். பிறகு மீண்டும் நிறைந்து மீண்டும் காலியாகும். கீழே "இன்றே கடைசி நாள்" என்று சிவப்பில் மின்னும். இளைஞர்கள் செய்து காட்டினார்கள். நாம் பார்த்து, சரி என்றோம்.

அந்தக் குழந்தை நம் மதரஸாவின் பிள்ளை அல்ல. இணையத்தில் எடுத்த படம். அன்று ரமளான் பிறை 10. சிங்கப்பூரிலிருந்து ஒரு பெரியவர் பணம் அனுப்பிவிட்டு ஒரு வரி எழுதியிருந்தார்: "ஹஜ்ரத், இன்னும் இருபது நாள் இருக்கிறதே, இன்று எப்படிக் கடைசி நாள்?" நம்மிடம் பதில் இல்லை. நல்ல காரியத்துக்காகத்தானே என்று மனத்தைச் சமாதானம் செய்யப் பார்த்தோம், முடியவில்லை. அளவையில் மோசம் செய்வோரைப் பற்றிய அல்முதஃப்ஃபிஃபீன் அத்தியாயத்தைப் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கும் அதே அறையிலிருந்து, நாளின் அளவில் மோசம் செய்த கடிதம் போயிருக்கிறது. ஈகைப் பெருநாளுக்கு முன் எல்லா நன்கொடையாளர்களுக்கும் உண்மையை எழுதி மன்னிப்புக் கேட்டோம். விரும்புவோருக்குப் பணத்தைத் திருப்பித் தருவதாகவும் சொன்னோம். அந்த வெட்கம் இன்றும் போகவில்லை. இந்தக் கட்டுரையின் கடுமை அந்த வெட்கத்திலிருந்து வருகிறது.

நாம் கேட்டுக்கொள்வது

1. அசைந்து காட்டினால்தான் புரியும் என்ற பொருளுக்கு மட்டும் அசையும் படம் வையுங்கள். ஒரு மின்னஞ்சலுக்கு ஒன்று போதும்.

2. முதல் சட்டகத்திலேயே செய்தி முழுமையாக இருக்கட்டும். விலை, அளவு, முகவரி ஆகியவை எழுத்தில் இருக்கட்டும். பார்வையற்றவருக்காக ஒரு வரி விளக்கம் எழுதுங்கள்.

3. மின்னல்போல் பளிச்சிட வைக்காதீர்கள். 5 நொடிக்குள் ஓட்டம் முடிந்து, பயனுள்ள ஒரு படத்தில் வந்து நிற்கட்டும்.

4. படத்தின் எடை ஒரு எம்.பி.யைத் தாண்ட வேண்டாம். சட்டகங்களையும் வண்ணங்களையும் குறைத்தால் எடை குறையும். கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் ஷிப்டு முடிந்து வீடு திரும்பும் தொழிலாளியின் டேட்டா உங்கள் பணம் அல்ல, அவருடைய பணம்.

5. பொய்க் கடிகாரம், பொய் இருப்பு, பிறர் குழந்தையின் கண்ணீர், இவை வேண்டவே வேண்டாம். கெடு உண்மையானால் தேதியை எழுதுங்கள். பிறகு அந்தத் தேதியில் நில்லுங்கள்.

6. கேட்டவருக்கு மட்டும் அனுப்புங்கள். விலகிக்கொள்ளும் வழியைக் கடிதத்தின் அடியில் தெளிவாக வையுங்கள். மூன்று முறை அனுப்பியும் திறக்காதவரை ஸலாம் சொல்லி விட்டுவிடுங்கள்.

"எல்லோரும் இப்படித்தான் செய்கிறார்கள்" என்ற அந்தக் கேள்விக்கு இதுவே நம் பதில்: எல்லோரும் செய்வதால்தான் யாருடையதும் நம்பப்படுவதில்லை. பத்துப் பேர் கத்தும் சந்தையில் பதினோராவது கூச்சல் யாருக்கும் கேட்காது. குரலைத் தாழ்த்தச் சொல்லி லுக்மான் (அலை) தம் மகனுக்குச் செய்த உபதேசம் சந்தைக்கும் பொருந்தும்.

அந்த மாணவர் படத்தை மாற்றிவிட்டார். இப்போது அதில் நான்கே நான்கு சட்டகங்கள்: பிரிந்த குழாய், நடுவில் கேஸ்கெட், இறுகும் போல்ட், கசிவற்ற இணைப்பு. பிறகு அசைவு நிற்கிறது. கீழே தடிமனும், ஏற்கக்கூடிய வேறுபாடும், விலையும் எழுத்தில் இருக்கின்றன. கடிகாரத்தைக் கேலி செய்த அதிகாரிக்கு, முன்பு அனுப்பியது தவறு என்ற ஒப்புதலோடு தனியாக ஒரு கடிதம் எழுதினார். ஆர்டர் கிடைத்துவிட்டதா என்று கேட்காதீர்கள், இன்னும் இல்லை. அளந்து பார்க்க மாதிரி அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள். அளந்து பார்க்கட்டும். அளவு சரியாக இருப்பவருக்கு அளவுகோலைக் கண்டு என்ன பயம்?

நம் வியாபாரத்தில் பரக்கத்தையும், நம் வார்த்தையில் உண்மையையும், நம் படங்களிலும் அதே உண்மையையும் வல்ல அல்லாஹ் தந்தருள்வானாக. ஆமீன்.